மணலில் புசான்: ஹேயுண்டே மணற்சிற்ப விழா பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புசான் தென்கொரியாவின் இரண்டாவது பெரிய நகரம், அந்நாட்டின் மிகப் பெரிய துறைமுகம். அங்கே ஹேயுண்டே கடற்கரையில் ஆண்டுதோறும் நடக்கும் மணற்சிற்ப விழா, 2025-ல் புசான் நகரத்தையே கருப்பொருளாக எடுத்துக்கொண்டது. மணல் எப்படி நிற்கிறது என்பது எல்லோருக்கும் எழும் சந்தேகம். ஆனால் நகரத்தின் கதை தெரியாமல் போனால் கோட்டை, கப்பல், அழும் முகங்கள் என்று பார்த்துவிட்டு வந்துவிடுவோம். அதனால் இங்கே மணலைவிட வரலாறு கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும்.

இந்த விழா எப்போது தொடங்கியது? எப்போது நடக்கிறது?

2005 நவம்பரில் ஆசிய-பசிபிக் நாடுகளின் ஏபெக் உச்சிமாநாடு புசானில் நடந்தது. அதையொட்டி அதே ஆண்டில் தொடங்கியதுதான் இது. இப்போது வழக்கமாக மே மாதத்தில், கடலில் குளிக்கும் கூட்டம் வருவதற்கு முன்பே நடத்திவிடுகிறார்கள். 2025-ல் விழா நாட்கள் மே 16 முதல் 19 வரை. ஆட்டம்பாட்டமெல்லாம் அந்த நாலு நாளோடு சரி. சிற்பங்கள் அதற்குப் பிறகும் சில வாரங்கள் நிற்கும். பொது இடம் என்பதால் கரையோரம் நடந்து பார்க்கக் கட்டணம் கிடையாது.

ஹேயுண்டேயின் மணல் ஆர்வம் விழாவுக்கும் மூத்தது. கிம் கில் மான் என்ற சிற்பி 1987 முதல் இந்தக் கரையில் மரக் குச்சிகளை, அதாவது சாப்பிடப் பயன்படுத்தும் அதே குச்சிகளை வைத்துக்கொண்டு மணல் செதுக்கி வந்தவர்.

நகர வரலாற்றை மணலில் சொல்ல நினைத்தால் எங்கிருந்து தொடங்குவது?

பெரும்பாலோர் போரிலிருந்து தொடங்குவார்கள். என்னைக் கேட்டால் ஒரு சிப்பியிலிருந்து தொடங்கலாம். புசானை ஒட்டிய யொங்டோ தீவில் தொங்சாம்-தொங் என்ற இடத்தில் புதிய கற்கால மக்கள் தின்று போட்ட சிப்பிகளின் மேடு ஒன்று இருக்கிறது. அங்கே கிடைத்தவற்றில் ஒரு சிப்பி ஓட்டில் இரண்டு கண்ணும் ஒரு வாயுமாக மூன்று துளை போட்டிருக்கிறார்கள். அவ்வளவுதான், அது ஒரு முகம். பல ஆயிரம் ஆண்டுகளாக அந்த முகம் 'ஓ' என்று வாயைத் திறந்தபடி இருக்கிறது.

அதே இடத்தில் ஜப்பானின் கியூஷூ தீவிலிருந்து வந்த எரிமலைக் கண்ணாடிக் கல்லும் கிடைத்திருக்கிறது. உலோகம் வருவதற்கு முன்பே கடல் கடந்து போக்குவரத்து இருந்ததற்கு இது சாட்சி. புசானின் கதை முழுவதுமே இப்படித்தான் ஓடுகிறது: யாரோ கடலிலிருந்து வருகிறார்கள், யாரோ கடலுக்குப் போகிறார்கள். சில சமயம் வியாபாரத்துக்கு, சில சமயம் வாளோடு, ஒரு முறை லட்சக்கணக்கில் அகதிகளாக.

1592 என்ற ஆண்டு புசானில் எங்கு பார்த்தாலும் வருகிறதே, அப்போது என்ன நடந்தது?

ஜப்பானை ஒன்றுபடுத்திய தொயோதோமி ஹிதேயோஷி சீனாவைப் பிடிக்க ஆசைப்பட்டார். வழியில் இருந்தது கொரியாவின் ஜொசான் அரசு. 1592 மே மாதம் சுமார் 700 கப்பல்களில் வந்த முதல் படை புசானில் இறங்கியது. புசான்ஜின் கோட்டை ஒரே நாளில் விழுந்தது. தளபதி ஜொங் பால் அங்கேயே மடிந்தார். மறுநாள் தொங்னே கோட்டை. "சண்டை போடுவதென்றால் போடு, இல்லையென்றால் வழிவிடு" என்று ஜப்பானியர் பலகையில் எழுதி வைத்தார்கள். கோட்டையின் ஆளுநர் சொங் சாங் ஹியொன், "போரிட்டுச் சாவது எளிது, வழிவிடுவதுதான் கடினம்" என்று எழுதி அந்தப் பக்கம் வீசினார் என்பது கொரியப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த கதை. அன்றே கோட்டை விழுந்தது, அவரும் கொல்லப்பட்டார்.

இந்தப் போரை மணலில் வடிக்கும் யாரும் ஒரு பழைய ஓவியத்தைப் பார்க்காமல் இருக்க முடியாது. 1760-ல் பியொன் பாக் என்ற தொங்னே ஓவியர் வரைந்த படம் அது. கோட்டையைச் சுற்றிப் படை வளைத்து நிற்கிறது. ஒரு வீட்டுக் கூரைமேல் இரண்டு பெண்கள் ஏறி நின்று ஓடுகளைப் பிடுங்கிப் படைவீரர்கள்மேல் எறிகிறார்கள். படத்தின் ஓரத்தில் இன்னொருவர் குதிரையில் ஏறித் தப்பி ஓடுகிறார். அவரும் ஒரு தளபதிதான். தியாகத்தைப் போற்ற வரைந்த படத்தில் ஓடிப்போனவரையும் விடாமல் வரைந்து வைத்த அந்த ஓவியரை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

போர் புசானில் தோல்வியோடு முடியவில்லை. அதே ஆண்டு இலையுதிர்காலத்தில் கடற்படைத் தளபதி யி சுன் சின் புசான் துறைமுகத்துக்குள் புகுந்து நூற்றுக்கும் மேற்பட்ட ஜப்பானியக் கப்பல்களை அழித்தார். அந்த நாளைக் கணக்கிட்டு அக்டோபர் 5-ஐத்தான் புசான் குடிமக்கள் நாளாகக் கொண்டாடுகிறார்கள்.

போருக்குப் பிறகு ஜப்பானோடு உறவே இல்லையா?

இருந்தது, அதுவும் ஆச்சரியப்படும் அளவுக்கு. 1607 முதல் 1811 வரை 12 தூதுக்குழுக்கள் கொரியாவிலிருந்து ஜப்பானுக்குப் போயின. அதிகாரிகள், கவிஞர்கள், ஓவியர்கள், மருத்துவர்கள், வாத்தியக்காரர்கள் எனச் சில நூறு பேர் கொண்ட ஊர்வலம். புசானின் யொங்காதே மண்டபத்தில் கடல் தெய்வத்துக்குப் பூசை செய்துவிட்டுக் கப்பலேறுவார்கள். இந்தத் தூதுப் பயணங்களின் ஆவணங்களை 2017-ல் யுனெஸ்கோ உலக நினைவுப் பட்டியலில் சேர்த்தது. கொடிகளும் கப்பல்களுமாக இருப்பதால் மணற்சிற்பிகளுக்கு இது விருந்து.

அதில் விருந்தில்லாத ஒரு சின்ன விஷயம் எனக்குப் பெரிதாகப் படுகிறது. 1763-ல் புறப்பட்ட குழுவின் தலைவர் ஜோ ஓம், சுஷிமா தீவில் மக்கள் ஒரு கிழங்கை உண்பதைப் பார்த்தார். விதைக்கிழங்கை வாங்கிப் புசானுக்கு அனுப்பி வைத்தார். சர்க்கரைவள்ளிக் கிழங்கு கொரியாவுக்குள் வந்த வழி இதுதான். பின்னால் பஞ்ச காலங்களில் எத்தனையோ பேரைக் காப்பாற்றியது. மேலே சொன்ன ஓவியர் பியொன் பாக்கும் அதே பயணத்தில் போனவர். கோட்டை விழுந்ததை வரைந்த கை, மூன்று ஆண்டுகள் கழித்து அதே ஜப்பானுக்கு விருந்தாளியாகப் போய் வரைந்திருக்கிறது.

இந்தக் காலத்தில் புசானிலேயே ஜப்பானிய வணிகர்களுக்கென ஒரு தனிக் குடியிருப்பும் இருந்தது. 1678-ல் சோரியாங் பகுதிக்கு மாற்றப்பட்ட அந்த இடம், நாகசாகியில் டச்சுக்காரர்களை அடைத்து வைத்திருந்த தெஜிமாவைவிடப் பல மடங்கு பெரியது. உள்ளே ஐந்நூறு ஆண்கள் வரை. பெண்களுக்கு அனுமதி இல்லை. இப்போது அங்கே யொங்துசான் பூங்காவும் கோபுரமும் இருக்கின்றன.

நவீனத் துறைமுகம் எப்போது வந்தது?

1876-ல் ஜப்பான் மிரட்டிப் போட்ட உடன்படிக்கையின்படி புசான் திறக்கப்பட்டது. 1905-ல் சியோலுக்கு ரயில் வந்தது, அதே ஆண்டு ஜப்பானின் ஷிமோனோசெகிக்கு நீராவிக் கப்பலும் ஓடத் தொடங்கியது. 1910-க்குப் பிறகு முழுக் காலனி ஆட்சி. வேலைக்குப் போனவர்கள், பின்னால் கட்டாயமாகக் கொண்டுபோகப்பட்டவர்கள், 1945-ல் திரும்பி வந்தவர்கள் என எல்லோரும் மிதித்தது இந்தத் துறைமுகத்தைத்தான்.

அகதிகள், பாலம் என்று வரும் காட்சிகள் எதைப் பற்றியவை?

1950 ஜூனில் வட கொரியப் படை தெற்கே பாய்ந்தது. ஆகஸ்டுக்குள் தென்கிழக்கு மூலை ஒன்றுதான் மிச்சம். அந்த மூலையின் துறைமுகம் புசான். அரசாங்கமே இங்கு வந்துவிட்டது. இடையில் சில வாரங்கள் சியோல் திரும்பியதைக் கழித்துப் பார்த்தால், மொத்தம் 1,023 நாட்கள் புசான் நாட்டின் தற்காலிகத் தலைநகரம். ஊரின் மக்கள்தொகை கிட்டத்தட்ட இரு மடங்கானது.

எங்கே தங்குவது? மலைச்சரிவுகளில் பலகையும் அட்டையும் வைத்துக் குடிசை போட்டார்கள். அமி-தொங் பகுதியில் ஜப்பானியர் விட்டுச்சென்ற இடுகாட்டின் மேலேயே வீடு கட்டினார்கள். கல்லறைக் கற்களே படிக்கட்டும் அடித்தளமும் ஆயின. இன்றும் அங்கே சுவர்களின் அடியில் அந்தக் கற்களைப் பார்க்கலாம். வெளியூர்க்காரர்கள் படம் எடுக்க ஓடும் வண்ண வண்ணமான கம்சொன் கிராமம் அதற்குப் பக்கத்துச் சரிவுதான்.

பாலம் என்றால் யொங்டோ பாலம். 1934-ல் திறந்த தூக்குப்பாலம். வடக்கிலிருந்து ஓடி வந்தவர்களில் பலருக்குப் புசானில் தெரிந்த ஒரே பெயர் அதுதான். "பிரிந்துவிட்டால் யொங்டோ பாலத்தில் சந்திப்போம்" என்று சொல்லிக்கொண்டு கிளம்பினார்கள். பாலத்தடியில் சோதிடர் கடைகள் வரிசையாக முளைத்தன. காணாமல் போனவர் உயிரோடு இருக்கிறாரா என்று கேட்க அவ்வளவு கூட்டம்.

கப்பல் நிறைய மக்கள் இருக்கும் காட்சியைப் பார்த்தால், 1950 டிசம்பரில் வட கொரியாவின் ஹுங்னாம் துறைமுகத்திலிருந்து நடந்த வெளியேற்றம் நினைவுக்கு வரலாம். மெரிடித் விக்டரி என்ற அமெரிக்கச் சரக்குக் கப்பல் ஒன்றே சுமார் 14,000 பேரை ஏற்றி வந்தது. புசானில் இடமில்லை என்று சொல்லிவிட்டதால் பக்கத்து கொஜே தீவுக்குப் போய்க் கிறிஸ்துமஸ் சமயத்தில் ஆட்களை இறக்கியது. வழியில் ஐந்து குழந்தைகள் பிறந்தன.

இந்தக் கதையில் தமிழர் யாராவது உண்டா?

உண்டு. 1950 நவம்பரில் இந்தியாவின் 60-வது பாராசூட் கள மருத்துவப் பிரிவு புசானில் வந்து இறங்கியது. இந்தியா போரிடப் படை அனுப்பவில்லை, மருத்துவர்களை அனுப்பியது. அந்தப் பிரிவின் தலைவர் ஆற்காடு ஜி. ரங்கராஜ். 1951 மார்ச்சில் முன்சான் பகுதியில் அமெரிக்கப் படையோடு பாராசூட்டில் குதித்து, இறங்கிய இடத்திலேயே அறுவைச் சிகிச்சை நடத்தியவர்கள் அவரது ஆட்கள். அவருக்கு மகாவீர் சக்ரா விருது கிடைத்தது. நம்மூரில் அவர் பெயர் தெரிந்தவர்கள் ரொம்பக் குறைவு என்பது எனக்கு வருத்தம்தான்.

கொரியாவுக்குப் போன இளவரசி தமிழ்ப்பெண் என்கிறார்களே?

13-ஆம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட 'சம்குக் யூசா' என்ற நூலில், அயுதா நாட்டிலிருந்து கப்பலில் வந்த ஹியோ ஹ்வாங் ஓக் என்ற இளவரசி கயா நாட்டு அரசர் சூரோவை மணந்ததாகக் கதை உண்டு. அவர்களது சமாதிகள் எனக் காட்டப்படும் இடம் புசானை அடுத்த கிம்ஹேயில் இருக்கிறது. அயுதா என்பது அயோத்தி என்று பலர், ஆய் நாடு என்று நம்மவர்கள் சிலர். கதை நடந்ததாகச் சொல்லும் காலத்துக்கும் அது எழுதப்பட்டதற்கும் இடையே ஆயிரம் ஆண்டுக்கு மேல் இடைவெளி. இரண்டு தரப்புக்கும் உறுதியான ஆதாரம் கிடையாது. ரசிக்கலாம், வாட்ஸ்அப்பில் வரலாறாக அனுப்ப வேண்டாம்.

இன்றைய துறைமுகத்தைப் பற்றி?

1978-ல் ஜாசொங்தேயில் நாட்டின் முதல் கன்டெய்னர் முனையம் வந்தது. 2006-ல் நகரின் மேற்கே புதிய துறைமுகம் திறந்தது. இன்று ஆண்டுக்கு, இருபது அடி நீளப் பெட்டிகளாகக் கணக்கிட்டால், 2 கோடிக்கும் மேற்பட்ட கன்டெய்னர்கள் கையாளப்படுகின்றன. ஒரு கப்பலிலிருந்து இறக்கி இன்னொன்றில் ஏற்றும் சரக்கில் சிங்கப்பூருக்கு அடுத்து பேசப்படும் பெயர் இது. இன்னொன்று: 1957-ல் புசானிலிருந்து கிளம்பிய ஜினாம் என்ற கப்பல்தான் கொரியாவின் முதல் ஆழ்கடல் சூரைமீன் கப்பல். அது தூண்டில் போட்டது நம் நிக்கோபார் தீவுகளுக்குப் பக்கத்தில்.

சரி, இவ்வளவு பெரிய மணல் எப்படி விழாமல் நிற்கிறது? பசை கலக்கிறார்களா?

உள்ளே பசை கிடையாது. நிறுத்துவது தண்ணீர்தான். மணல் பொடிகளுக்கு இடையே ஒட்டிக்கொள்ளும் மெல்லிய நீர்ப்படலம் அவற்றை ஒன்றோடொன்று இழுத்துப் பிடிக்கிறது. 2012-ல் வெளியான ஓர் ஆய்வு, அதற்குத் தேவையான ஈரம் மிகக் குறைவு, ஏறத்தாழ ஒரு சதவீதமே போதும் என்று காட்டியது. தண்ணீர் நிறைந்துவிட்டால் இழுவிசை போய்ச் சேறாகிவிடும்.

வேலை நடக்கும் முறை நம் கட்டட வேலையைப் பார்த்தவர்களுக்குச் சட்டென்று புரியும். கான்கிரீட்டுக்குச் சென்ட்ரிங் அடிப்பதுபோலப் பலகையால் பெட்டி அடைத்து, மணலைக் கொட்டி, தண்ணீர் விட்டு, திமிசால் அல்லது அதிரும் இயந்திரத்தால் கெட்டிப்படுத்துகிறார்கள். அதன்மேல் சற்றுச் சிறிய பெட்டி, அதற்கும் மேல் இன்னொன்று. கெட்டியானதும் மேல் பெட்டியைக் கழற்றி உச்சியிலிருந்து கீழ்நோக்கிச் செதுக்கிக்கொண்டே வருவார்கள். மேலே உதிரும் மணல் கீழே முடித்த வேலையைக் கெடுக்கக் கூடாதல்லவா. கரணை, மெல்லிய கத்தி, தூரிகை, நுணுக்கமான இடங்களில் உதிரியை ஊதித் தள்ள ஒரு உறிஞ்சு குழல், இவ்வளவுதான் ஆயுதங்கள்.

செதுக்கி முடித்ததும் ஃபெவிகால் வகை வெள்ளைப் பசையை நிறையத் தண்ணீரில் கரைத்து மேலே தெளிப்பது உலகெங்கும் உள்ள வழக்கம். அது தோல் மட்டும்தான். காற்றில் உதிராமல் காக்கும்.

மழை வந்தால்?

தூறல் பெரிதாக ஒன்றும் செய்யாது. அடித்துப் பெய்யும் மழை மூக்கு, விரல், வாள்முனை போன்ற நீட்டல்களை முதலில் தின்னும். அதனால்தான் அனுபவமுள்ள சிற்பிகள் கையை உடம்போடு ஒட்டி வைப்பார்கள், கொடியைச் சுவரோடு சாய்த்துவிடுவார்கள்.

அந்த மணல் ஹேயுண்டேயின் சொந்த மணல்தானா?

நல்ல கேள்வி. ஹேயுண்டே கரை சுமார் ஒன்றரை கிலோமீட்டர் நீளம். கரையை ஒட்டிச் சாலைகளும் ஹோட்டல்களும் வந்து, மலையிலிருந்து மணலைக் கொண்டுவந்த ஓடையும் மூடப்பட்ட பிறகு, கரை ஆண்டுக்காண்டு மெலிந்தது. 2010-களில் வெளியிலிருந்து பெருமளவு மணலைக் கொண்டுவந்து கொட்டித்தான் அகலப்படுத்தினார்கள். நகரத்தின் வரலாற்றைச் சொல்லும் மணலிலேயே கொஞ்சம் வந்தேறி. அகதிகளால் நிறைந்த ஊருக்குப் பொருத்தம் என்று நினைத்துக்கொள்ளலாம், ஆனால் அரிப்பு அரிப்புதான்.

மணலில் வரலாறு சொல்வதில் குறை ஒன்றும் இல்லையா?

இருக்கிறது. மணல் பெரிய முகங்களையும் கோட்டைகளையும் கப்பல்களையும் விரும்பும். ஒரு விதைக்கிழங்கையோ உடன்படிக்கையின் ஒரு வரியையோ அதில் காட்டுவது கஷ்டம். அத்தோடு, விழா என்பதால் சங்கடமான பக்கங்கள் ஒதுங்கிவிடும். 1979 அக்டோபரில் புசானிலும் மாசானிலும் மாணவர்களும் தொழிலாளர்களும் அதிபர் பார்க் சுங் ஹீயின் சர்வாதிகாரத்துக்கு எதிராகத் தெருவுக்கு வந்தார்கள். பத்தே நாளில் அவர் தன் சொந்த உளவுத்துறைத் தலைவரால் சுடப்பட்டார். நகர வரலாறு என்றால் எனக்கு அதுவும் சேர்த்திதான். குடும்பத்தோடு ஐஸ்கிரீம் சாப்பிட்டபடி பார்க்கும் இடத்தில் அதை எதிர்பார்ப்பது அதிகம் என்றும் தெரியும்.

எந்த நேரத்தில் பார்ப்பது நல்லது?

காலை அல்லது மாலை. உச்சிவெயிலில் எல்லாம் ஒரே நிறமாகத் தட்டையாகிவிடும். சூரியன் சாய்ந்திருக்கும்போதுதான் இரண்டு விரல் ஆழம் வெட்டிய கோடுகூட நிழல் வாங்கி எழும்பும். இரவு விளக்குகளில் வேறு அழகு, ஆனால் கூட்டம்.

விழா முடிந்த பிறகு போனால் பார்க்க என்ன இருக்கும்?

மணல் மறுபடி கரையோடு சமமாகியிருக்கும். ஆனால் காட்சிகள் நடந்த இடங்கள் எல்லாம் மெட்ரோவில் எட்டும் தூரம்தான். 4-ஆம் பாதையில் சுவான் நிலையத்தில் இறங்குங்கள். 2005-ல் அந்த நிலையம் தோண்டும்போதுதான் தொங்னே கோட்டையின் அகழி வெளிப்பட்டது. உள்ளே ஆயுதங்கள், கவசம், பெண்களும் குழந்தைகளும் உள்பட 1592-ல் கொல்லப்பட்டவர்களின் எலும்புகள். நிலையத்துக்குள்ளேயே சின்ன அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். எதைப் பார்க்காவிட்டாலும் இதைப் பாருங்கள்.

1-ஆம் பாதையில் நம்போ நிலையம் யொங்டோ பாலத்துக்கும் ஜகல்ச்சி மீன் சந்தைக்கும். பாலம் சனிக்கிழமை பிற்பகல் 2 மணிக்குத் தூக்கப்படுகிறது. போகும் முன் ஒரு முறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். அதே பாதையில் தோசொங் நிலையத்தில் இறங்கினால் அமி-தொங்கும், போர்க்காலத்தில் அதிபர் தங்கியிருந்த வீடும். 2-ஆம் பாதையில் தேயொன் நிலையம் ஐ.நா. நினைவு இடுகாட்டுக்கு, 1951-ல் அமைத்தது, சுமார் 2,300 பேர் அங்கே புதைக்கப்பட்டிருக்கிறார்கள். சிப்பி முகத்துக்கு யொங்டோவின் தொங்சாம்-தொங் அருங்காட்சியகம்; அங்கே மெட்ரோ இல்லை, பேருந்துதான்.

சாப்பாடு?

புசானின் பெயர்போன இரண்டு உணவும் அகதிக் காலத்தோடு சேர்ந்தவை. பன்றி எலும்புச் சாறில் சோறு போட்ட தேஜி குக்பாப் ஒன்று. வடக்கின் குளிர்ந்த நூடுல்ஸை, கோதுமை மாவு நிவாரணமாகக் கிடைத்த காலத்தில் அந்த மாவில் செய்து பார்த்ததால் பிறந்த மில்மியொன் மற்றொன்று. மில்மியொன் சாறும் இறைச்சிச் சாறுதான். சைவர்கள் நம்போ பக்கத் தெருக்களில் சர்க்கரை அடைத்துப் பொரித்து, வெட்டி விதைகளைத் திணித்துத் தரும் ஹொத்தொக் அப்பத்தை வாங்கிக்கொள்ளலாம். எதில் பொரிக்கிறார்கள் என்று கடையில் கேட்டுவிட்டு.